மாற்றுத்திறனுடைய பள்ளிப் பிள்ளைகளின் கல்வி: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சிறப்புக் கல்வி என்றால் பிள்ளையைத் தனிப் பள்ளிக்கு அனுப்புவது என்று பொருளா?

இல்லை. ஒரு பிள்ளை கற்பதற்கு எது தடையாக நிற்கிறது என்பதைக் கண்டறிந்து, அதற்கேற்பக் கற்பிக்கும் முறையையும் கருவிகளையும் வேகத்தையும் மாற்றித் தரும் பணிக்கே சிறப்புக் கல்வி என்று பெயர். அந்தப் பணி பொது வகுப்பறையிலேயே நடக்கலாம். நாளில் சில மணி நேரம் மட்டும் தனியறையில் நடக்கலாம். சிறப்புப் பள்ளியிலும், உடல்நிலை இடங்கொடாத பிள்ளைக்கு வீட்டிலும் நடக்கலாம். 1994-ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டின் சலமன்கா நகரில் கூடிய 92 அரசுகளின் பேராளர்கள், எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுப் பள்ளியே முதல் இடமாக இருக்க வேண்டும் என்று அறிவித்தனர். 2006 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 24-ஆவது பிரிவு, அனைவரையும் உள்ளடக்கிய கல்வியை, உடன்படிக்கையில் சேர்ந்த அரசுகளின் கடமையாக்கியது.

அதே பிரிவு, பார்வையற்ற, காது கேளாத பிள்ளைகளுக்கு அவர்களுக்குரிய மொழியிலும் தொடர்பு முறையிலும், அவர்கள் மிகுதியாக வளரக்கூடிய சூழலில் கல்வி தரப்பட வேண்டும் என்றும் கூறுகிறது. சைகை மொழி அறிந்த ஒரு தோழரும் இல்லாத வகுப்பில் காது கேளாத பிள்ளையை உட்கார வைத்துவிட்டு, அதை உள்ளடக்கிய கல்வி என்று அழைப்பது பொருந்தாது. எனவே பொதுப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்ற கேள்வியை இரண்டாவதாக வைத்துக்கொண்டு, இந்தப் பிள்ளைக்கு இப்போது என்ன தேவை என்பதை முதலில் எழுதிப் பார்ப்பது நல்லது. தேவை தெளிவானால், அது எங்கே கிடைக்கும் என்பதை விசாரிப்பது எளிதாகும்.

இதற்கான சட்டங்கள் எல்லா நாடுகளிலும் ஒன்றுபோல் இருக்கின்றனவா?

ஒன்றுபோல் இல்லை, ஆனால் அடிப்படைகள் பெரிதும் ஒத்துப்போகின்றன. இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளதாகச் சான்று பெற்ற பிள்ளைகளுக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை தருகிறது. அமெரிக்காவில் 1975-இல் தொடங்கிய சட்டம் 3 முதல் 21 வயது வரையிலான பிள்ளைகளைத் தன் வரம்பில் கொண்டுள்ளது. இங்கிலாந்தின் 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், தேவைப்படுவோருக்கு 25 வயது வரைகூட உதவி நீளலாம். இலங்கையின் 1996-ஆம் ஆண்டுச் சட்டம், குறைபாட்டைக் காரணம் காட்டிக் கல்வி நிலையத்தில் சேர்க்கை மறுப்பதைத் தடைசெய்கிறது. சிங்கப்பூர் 2019 முதல் கட்டாயக் கல்வியை மிதமான, கடுமையான சிறப்புத் தேவையுடைய பிள்ளைகளுக்கும் விரிவாக்கியது. நீங்கள் வாழும் நாட்டின் சட்டத்தில் கல்வி பற்றிய பிரிவுகள் பெரும்பாலும் சில பக்கங்களே இருக்கும். அவற்றை ஒருமுறை முழுமையாகப் படித்துவிட்டுப் பள்ளிக்குச் செல்லும் பெற்றோரிடம் பள்ளி பேசும் விதமே வேறு.

பிள்ளையின் வளர்ச்சியில் ஐயம் தோன்றுகிறது. "போகப் போகச் சரியாகிவிடும்" என்று சுற்றத்தார் சொல்கின்றனர். காத்திருக்கலாமா?

காத்திருக்க வேண்டாம். ஐயம் தவறென்று தெரிந்தால் இழப்பு ஒன்றுமில்லை. ஐயம் சரியென்று இரண்டாண்டு கழித்துத் தெரிந்தால், அந்த இரண்டாண்டு திரும்பக் கிடைக்காது. கேட்கும் திறனை எடுத்துக்கொண்டால், பிறந்த ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், ஆறு மாதத்துக்குள் உதவி என்பதே பல நாடுகளில் பின்பற்றப்படும் கால அளவு. பள்ளி வயதுப் பிள்ளைக்கும் இதே கருத்து பொருந்தும். வகுப்பில் மற்றவர்கள் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கிய பின்னும் ஒரு பிள்ளை எழுத்துகளையே மாற்றி மாற்றிப் படித்தால், சோம்பல் என்றோ கவனக்குறைவு என்றோ முடிவு கட்டுவதற்கு முன் கண்ணையும் காதையும் சோதித்துவிட்டு, கற்றல் மதிப்பீட்டைக் கேட்பதே முறை.

மதிப்பீட்டைப் பள்ளியிடம் எப்படிக் கேட்பது?

எழுத்தில் கேட்க வேண்டும். மொத்த விவகாரத்திலும் ஒரே ஓர் அறிவுரைதான் தர முடியும் என்றால் இதையே தரலாம். வாசலில் நின்று ஆசிரியரிடம் பேசியது அன்பான உரையாடலாக இருக்கலாம். ஆனால் அதற்குத் தேதி இல்லை, பொறுப்பாளர் இல்லை, பதில் சொல்ல வேண்டிய கெடுவும் இல்லை. தலைமையாசிரியருக்கு முகவரியிட்டு, பிள்ளையின் பெயர், வகுப்பு, நீங்கள் கவனித்த மூன்று நான்கு செய்திகள், எந்தெந்தத் துறையில் மதிப்பீடு வேண்டும் என்பது, எந்த நாளுக்குள் பதில் எதிர்பார்க்கிறீர்கள் என்பது ஆகியவற்றை ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதி, ஒரு படியில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மின்னஞ்சலில் அனுப்பினாலும் போதும்; அதில் தேதி தானாகவே பதிவாகிவிடும்.

கவனித்த செய்திகளை எழுதும்போது, "படிப்பில் பின்தங்கியிருக்கிறான்" என்பதைவிட, "மூன்று வரிப் பத்தியை வாசிக்கப் பத்து நிமிடம் எடுத்துக்கொள்கிறான், வாய்மொழியாகக் கேட்டால் அதே பத்தியின் கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொல்கிறான்" என்பது பன்மடங்கு பயனுள்ளது. முதல் வரி ஒரு தீர்ப்பு. இரண்டாவது ஒரு சான்று. மதிப்பீடு செய்பவருக்குத் தேவைப்படுவது சான்றுதான்.

கால அளவு நாட்டைப் பொறுத்தது. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தின்படி, பெற்றோர் ஒப்புதல் அளித்த நாளிலிருந்து 60 நாள்களுக்குள், அல்லது அந்தந்த மாநிலம் வகுத்த கெடுவுக்குள், மதிப்பீடு முடிய வேண்டும். இங்கிலாந்தில் முதல் கோரிக்கையிலிருந்து பிள்ளைக்கான இறுதி உதவித் திட்டம் வரை 20 வாரம். இரு நாடுகளிலும் கெடு கடந்துபோகும் நிகழ்வுகள் குறைவில்லை. அப்போது முறையிடுவதற்குத் தேதியிட்ட கடிதம் கையில் இருக்க வேண்டும்.

மருத்துவமனையில் பெற்ற சான்றிதழே இருக்கிறதே, அது போதாதா?

அரசு உதவித்தொகை, பயணச் சலுகை, தேர்வுச் சலுகை போன்றவற்றுக்கு அந்தச் சான்றிதழ் தேவை. ஆனால் விழுக்காட்டைக் குறிப்பிடும் ஒரு தாள், நாளைக் காலை கணக்குப் பாடத்தை எப்படி நடத்துவது என்பதை ஆசிரியருக்குச் சொல்லாது. பிள்ளை எதைச் செய்கிறான், எதைத் துணையோடு செய்கிறான், எதில் திணறுகிறான் என்று விவரிக்கும் கல்வி மதிப்பீடு தனியாகத் தேவை. அந்த அறிக்கையை வாங்கும்போதே, அதில் உள்ள எண்களின் பொருளை எளிய மொழியில் விளக்கச் சொல்லிக் கேளுங்கள்.

தனிநபர் கல்வித் திட்டத்தில் என்னென்ன இருக்க வேண்டும்?

மதிப்பீட்டுக்குப் பின், ஒரு பிள்ளைக்கென்றே பள்ளி எழுதித் தரும் திட்டம் இது. அதில் பிள்ளையின் இன்றைய நிலை, ஓராண்டில் எட்ட வேண்டிய இலக்குகள், அவற்றை எட்டப் பள்ளி தரும் உதவிகள், ஒவ்வொரு உதவியையும் யார், வாரத்துக்கு எத்தனை முறை, எத்தனை நிமிடம் தருவார் என்பது, முன்னேற்றத்தை எப்படி அளந்து எப்போது பெற்றோருக்குத் தெரிவிப்பார்கள் என்பது ஆகிய இவ்வளவும் இருக்க வேண்டும். இவற்றுள் கடைசி இரண்டும்தான் பல திட்டங்களில் விடுபட்டுப் போகின்றன. "தேவைக்கேற்பப் பேச்சுப் பயிற்சி அளிக்கப்படும்" என்ற வரியைப் பார்த்தால் உடனே கேள்வி கேட்க வேண்டும். தேவையை யார் முடிவுசெய்வார் என்பது அந்த வரியில் இல்லை.

இலக்குகளைப் படித்துப் பார்ப்பதற்கு ஓர் எளிய வழி உண்டு. பிள்ளையை அறியாத ஒருவர் அந்த வரியைப் படித்துவிட்டு, ஆண்டு இறுதியில் அது நிறைவேறியதா இல்லையா என்று சொல்ல முடியுமா? "கவிதாவின் வாசிப்புத் திறன் மேம்படும்" என்ற இலக்கை வைத்து யாராலும் எதையும் சொல்ல முடியாது. "இரண்டாம் வகுப்பு நிலையில் உள்ள, முன்பு பார்த்திராத ஒரு பத்தியை நிமிடத்துக்கு 40 சொற்கள் என்ற வேகத்தில், மூன்று பிழைகளுக்கு மிகாமல், தொடர்ந்து மூன்று முறை வாசிப்பாள்" என்று எழுதினால், நிறைவேறியதா என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இலக்கு மிகத் தாழ்வாக இருப்பதும் ஒரு குறையே. 2017-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஆட்டிசம் என்னும் வளர்ச்சிக் குறைபாடுள்ள ஒரு மாணவரின் வழக்கில், பெயரளவு முன்னேற்றத்தைக் காட்டுவது போதாது, அந்தப் பிள்ளையின் சூழ்நிலைக்கு ஏற்ற, உயர்வை நாடும் திட்டமாக அது இருக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. மூன்றாண்டுகளாக ஒரே இலக்கு, தேதி மட்டும் மாறி வந்துகொண்டிருந்தால், குறை பிள்ளையிடம் இருப்பதாக எடுத்துக்கொள்ளாமல் திட்டத்தைத் திறந்து பார்க்க வேண்டும்.

திட்டக் கூட்டத்தில் பெற்றோர் என்ன செய்ய வேண்டும்? அங்கே பேசப்படும் மொழியே புரியவில்லை.

மேசையின் ஒரு பக்கம் ஐந்தாறு அலுவலர்கள், மறுபக்கம் ஒரு தாய் என்ற அமைப்பே பலரை வாயடைக்கச் செய்துவிடுகிறது. ஆனால் அந்த அறையில் பிள்ளையைப் பிறந்த நாள் முதல் அறிந்தவர் அந்த ஒருவர்தான். பிரிட்டனில் சிறப்புக் கல்வியை ஆராய்ந்த வார்னாக் குழு 1978-இல் வெளியிட்ட அறிக்கை பெற்றோரைப் பங்காளிகள் என்று குறிப்பிட்டு, அதற்கென ஓர் அத்தியாயத்தையே ஒதுக்கியது. பங்காளி என்பவர் முடிவெடுத்த பின் கையொப்பமிட அழைக்கப்படுபவர் அல்லர்.

கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே வரைவுத் திட்டத்தையும் மதிப்பீட்டு அறிக்கைகளையும் கேட்டு வாங்கிப் படித்துவிடுங்கள். வீட்டில் பிள்ளை செய்வனவற்றை ஒரு பக்கத்தில் எழுதுங்கள்: எதை விரும்புகிறான், எந்த ஒலிக்கு மிரளுகிறான், எப்படிச் சொன்னால் புரிந்துகொள்கிறான், களைப்பு எப்போது வருகிறது. பள்ளியில் ஒரு வாக்கியமும் பேசாத பிள்ளை வீட்டில் தங்கையுடன் கதை பேசுவதைக் கைப்பேசியில் இரண்டு நிமிடம் பதிவு செய்து காட்டினால், "பேச்சு இல்லை" என்ற வரியை அறிக்கையிலிருந்து நீக்க அதுவே போதும். உறவினரோ நண்பரோ ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். அவருடைய வேலை குறிப்பெடுப்பது மட்டுமே. பேசிக்கொண்டே குறிப்பெடுப்பது யாருக்கும் கடினம்.

கூட்டத்தில் ஒரு சுருக்கப் பெயரோ கலைச்சொல்லோ வந்தால் அங்கேயே நிறுத்தி விளக்கம் கேட்கலாம். அதற்கு வெட்கப்பட வேண்டியவர் விளக்காமல் பேசியவரே. மொழி தடையாக இருந்தால் மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே கேளுங்கள். அமெரிக்கா போன்ற நாடுகளில் அவரை ஏற்பாடு செய்வது பள்ளியின் கடமை. பிள்ளையையோ அண்ணனையோ மொழிபெயர்க்க வைப்பதைத் தவிர்க்க வேண்டும். தன்னைப் பற்றிய குறைகளைத் தானே தாய்க்கு மொழிபெயர்க்கும் நிலை எந்தப் பிள்ளைக்கும் வரலாகாது.

அன்றே கையொப்பமிட வேண்டும் என்று வற்புறுத்தினால், "வீட்டில் படித்துப் பார்த்துவிட்டுத் தருகிறேன்" என்று சொல்வதில் தவறில்லை. கூட்டம் முடிந்த மறுநாளுக்குள், பேசி முடிவானவற்றை உங்கள் புரிதலின்படி எழுதிப் பள்ளிக்கு அனுப்பி, தவறிருந்தால் திருத்துமாறு கேட்டுக்கொள்ளுங்கள். திருத்தம் வராவிட்டால் உங்கள் குறிப்பே பதிவாக நிற்கும்.

தேர்வில் கூடுதல் நேரம் தருவதும் பாடத்தைக் குறைப்பதும் ஒன்றா?

இரண்டும் வேறு. கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், பெரிய எழுத்து வினாத்தாள், முன் வரிசை இருக்கை, கணிப்பொறியில் விடை எழுதுதல் போன்றவை, கற்க வேண்டிய பாடத்தை மாற்றாமல் அதை அடையும் வழியை மட்டும் மாற்றும் வசதிகள். பாடப்பகுதியையே குறைப்பதோ, எளிய வேறு பாடம் வைப்பதோ பாடத்திட்ட மாற்றம். முன்னதால் சான்றிதழின் மதிப்புக் குறையாது. பின்னது சில கல்வி முறைகளில் பள்ளி இறுதிச் சான்றிதழையும் அடுத்த படிப்பையும் பாதிக்கக்கூடும். எனவே பாடத்தைக் குறைப்பதற்கு ஒப்புதல் தருமுன், வசதிகள் எல்லாவற்றையும் முயன்று பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். மொழிப்பாட விலக்கையும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். இன்று சுமை குறைகிறது என்பதற்காகப் பெறும் விலக்கு, பின்னாளில் எந்தப் படிப்பின் கதவைச் சாத்தும் என்பதை விசாரித்த பின் பெறலாம்.

சொல்வதை எழுதுபவரைப் பெற 40 விழுக்காட்டுச் சான்று இல்லையே என்று தயங்குபவர்கள், இந்திய உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் அளித்த தீர்ப்பை அறிந்திருக்க வேண்டும். எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் நோயுள்ள தேர்வர் ஒருவரின் வழக்கில், நியாயமான வசதி ஏற்பாடு என்பது குறிப்பிட்ட விழுக்காட்டினருக்கு மட்டும் உரியதன்று என்று நீதிமன்றம் கூறியது.

வீட்டில் தாய்மொழியை விட்டுவிட்டுப் பள்ளி மொழியிலேயே பேசினால் பிள்ளைக்கு எளிதாகாதா?

இந்த அறிவுரையை நல்லெண்ணத்துடன் பலர் தருகின்றனர். ஆனால் ஆய்வுகள் அதற்கு ஆதரவாக இல்லை. டவுன் சிண்ட்ரோம், ஆட்டிசம், மொழி வளர்ச்சித் தாமதம் ஆகியவை உள்ள பிள்ளைகளிடம் நடந்த ஆய்வுகளில், இரண்டு மொழிகளைக் கேட்டு வளர்வது ஒரு மொழியை மட்டும் கேட்டு வளர்வதைவிடக் கெடுதல் செய்ததாகத் தெரியவில்லை. பெற்றோர் தங்களுக்குச் சரளமில்லாத மொழியில் பேசும்போது வாக்கியங்கள் சுருங்குகின்றன, கதையும் கொஞ்சலும் கண்டிப்பும் குறைந்துபோகின்றன. பாட்டியுடன் பேச மொழியில்லாத பிள்ளைக்கு உலகம் ஒரு சுற்றுச் சிறியதாகிவிடுகிறது. மதிப்பீட்டைப் பிள்ளையின் வீட்டு மொழியிலும் செய்யக் கேளுங்கள்; பள்ளி மொழி தெரியாததைக் குறைபாடாகக் கணக்கிட்டுவிடும் அபாயம் உண்மையானது.

படப் பலகையோ பேசும் கருவியோ கொடுத்தால், வரவேண்டிய பேச்சும் நின்றுவிடாதா?

நிற்காது. 2006-இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, நம்பத்தக்க சான்றுள்ள 27 பேரின் நிலையைச் சீர்தூக்கியது. கருவியின் துணை தொடங்கிய பின் அவர்களுள் ஒருவருக்கும் பேச்சு குறையவில்லை, பெரும்பாலோருக்குச் சிறிதளவாவது கூடியது. தன் பசியையும் வலியையும் சொல்ல வழியில்லாத பிள்ளை அடிப்பதும் கடிப்பதும் அந்த வழியின்மையால் நேர்வதுண்டு. பேச்சு வரும்வரை காத்திருந்துவிட்டுக் கருவி தருவது தலைகீழான வரிசை. கருவியைப் பள்ளியிலேயே பூட்டி வைக்காமல் வீட்டுக்கும் அனுப்ப வேண்டும் என்பதைத் திட்டத்தில் எழுதச் சொல்லுங்கள்.

செலவில்லாமல் கிடைக்கக்கூடிய வளங்கள் எவை?

பார்வைக் குறைபாடுள்ள மாணவர்களுக்கு கணினித் திரையில் உள்ளதை உரக்கப் படித்துக் காட்டும் என்.வி.டி.ஏ. என்னும் திரைவாசிப்பான் மென்பொருள் விலையின்றிக் கிடைக்கிறது. அது தமிழையும் வாசிக்கும். அச்சுப் புத்தகத்தைப் படிக்க இயலாதவர்களுக்காக நூல்களை ஒலி, பிரெயில், மின்னூல் வடிவங்களுக்கு மாற்றுவதைப் பதிப்புரிமை தடுக்கக்கூடாது என்பதற்காக 2013-இல் உருவான மராகேஷ் உடன்படிக்கை, 2016 முதல் நடைமுறையில் உள்ளது. அதை உலகில் முதலில் உறுதிசெய்த நாடு இந்தியா. இந்தியாவின் சுகம்யா புஸ்தகாலயா, பன்னாட்டு அளவிலான புக்ஷேர் ஆகிய மின் நூலகங்கள் இவ்வகை நூல்களைத் தருகின்றன. டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாடு உள்ளவர்களும் இவற்றுக்கு உரியவர்களே. இந்தச் செய்தி பல பெற்றோருக்கு எட்டுவதில்லை.

ஆட்டிசம் உள்ளிட்ட வளர்ச்சிக் குறைபாடுடைய, 2 முதல் 9 வயது வரையிலான பிள்ளைகளின் குடும்பங்களுக்காக உலக சுகாதார நிறுவனம் ஒரு பயிற்சித் திட்டத்தை உருவாக்கியுள்ளது. விளையாட்டையும் அன்றாட வீட்டு வேலைகளையும் கற்கும் தருணங்களாக்குவது அதன் அடிப்படை. அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்திலும் பெற்றோருக்கான பயிற்சி, தகவல் மையம் ஒன்றாவது அரசு நிதியில் இயங்குகிறது. இங்கிலாந்தில் உள்ளாட்சிப் பகுதிதோறும் பெற்றோருக்கு இலவசமாக, எவர் பக்கமும் சாயாமல் ஆலோசனை தரும் சேவை உண்டு. இந்தியாவில் வட்டார வள மையங்களில் உள்ள சிறப்பாசிரியர்களையும் இயன்முறை மருத்துவர்களையும் அணுகலாம்.

முற்றிலும் குணப்படுத்துவதாகச் சொல்லும் சிகிச்சைகளை நம்பலாமா?

ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் ஊசி, உடலிலிருந்து உலோகங்களை வெளியேற்றும் மருந்து, டிஸ்லெக்சியாவுக்கு வண்ணக் கண்ணாடி, பேசாத பிள்ளையின் கையைப் பிடித்து எழுத வைக்கும் முறை ஆகியவற்றுக்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை. உலோகம் வெளியேற்றும் சிகிச்சையின்போது 2005-இல் அமெரிக்காவில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். மாதக் கணக்கில் பணம் கேட்டு, முன்னேற்றத்தை அளந்து காட்ட மறுத்து, மற்றப் பயிற்சிகளை நிறுத்தச் சொல்லும் இடத்தைவிட்டு விலகிவிடுங்கள்.

பிள்ளையின் நடத்தையைக் காரணம் காட்டி அடிக்கடி பாதி நாளில் அழைத்துப் போகச் சொல்கிறார்கள். என்ன செய்வது?

ஒவ்வொரு முறையும் தேதி, நேரம், சொல்லப்பட்ட காரணம் ஆகியவற்றைக் குறித்து வாருங்கள்; அழைப்பை எழுத்தில் தருமாறு கேளுங்கள். பதிவேட்டில் வருகை என்று இருந்துகொண்டு உண்மையில் பிள்ளை வீட்டில் இருப்பது, பெயரில்லாத நீக்கம். அமெரிக்கச் சட்டப்படி, ஒரு பிள்ளை 10 பள்ளி நாள்களுக்கு மேல் வெளியேற்றப்பட்டு அது பிள்ளை படிக்கும் இடத்தையே மாற்றியதாகக் கருதப்படும் நிலை வந்தால், அந்த நடத்தை குறைபாட்டால் விளைந்ததா என்று ஆராய வேண்டும். இவ்வாறான விதி இல்லாத இடத்திலும் நீங்கள் அதையே கோரலாம்: நடத்தைக்கு முன் என்ன நிகழ்ந்தது, பின் என்ன நிகழ்ந்தது என்று பல நாள் கவனித்து எழுத வேண்டும். மணிச் சத்தத்துக்கு அஞ்சும் பிள்ளை, அலறினால் வீட்டுக்கு அனுப்பப்படுகிறது என்றால், அலறுவதைப் பள்ளியே கற்றுக்கொடுக்கிறது.

பள்ளி மறுத்தால் அடுத்த படி என்ன?

மறுப்பையும் அதன் காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாக எளிதில் மறுப்பவர்கள், எழுதித் தரச் சொன்னதும் மறுபரிசீலனை செய்வதுண்டு. பிறகு வகுப்பாசிரியர், தலைமையாசிரியர், கல்வி அலுவலர் என்ற வரிசையில் செல்வது நல்லது. படிகளைத் தாண்டிச் சென்றால் முதலில் கீழே கேட்டீர்களா என்ற கேள்வியே திரும்பி வரும். அதற்கு மேல் இந்தியாவில் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடமும், இங்கிலாந்தில் சிறப்புக் கல்வித் தீர்ப்பாயத்திலும், அமெரிக்காவில் சமரசப் பேச்சு, மாநிலத்துக்கு முறையீடு, விசாரணை ஆகிய வழிகளிலும் முறையிடலாம். பள்ளி செய்த மதிப்பீட்டை ஏற்க முடியாதபோது, வெளியார் மதிப்பீட்டைப் பொதுச் செலவில் கேட்கும் உரிமையும் அமெரிக்கச் சட்டத்தில் உண்டு.

வழக்குக்குப் போவதைக் கடைசியில் வையுங்கள். வென்ற பின்னும் பிள்ளை அதே வகுப்பறைக்குத்தான் போக வேண்டும். அதற்காக உரிமையை விட்டுக்கொடுக்கத் தேவையில்லை. கடிதத்தில் உறுதியும் பேச்சில் மரியாதையும் ஒருசேர இருக்க முடியும்.

பள்ளியின் முடிவுகளில் பெற்றோர் பங்குபெற என்ன வாய்ப்புகள் உள்ளன?

பலரும் எண்ணுவதைவிட மிகுதி. இந்தியக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், உறுப்பினர்களில் பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். அமெரிக்காவில் மாநிலந்தோறும் உள்ள சிறப்புக் கல்வி ஆலோசனைக் குழுவில் பெரும்பான்மையினர் மாற்றுத்திறனாளிகளாகவோ மாற்றுத்திறனுடைய பிள்ளைகளின் பெற்றோராகவோ இருப்பது கட்டாயம். இங்கிலாந்தில் உள்ளாட்சிப் பகுதிகளில் பெற்றோர் மன்றங்கள் இயங்கி, சேவைகளைத் திட்டமிடும்போதே கருத்துச் சொல்கின்றன.

இந்த இடங்கள் தானாகக் கிடைத்தவை அல்ல. கற்றல் குறைபாடுள்ள மகளின் தாயான ஜூடி ஃப்ரைட் 1946-இல் பிரிட்டனில் தொடங்கிய பெற்றோர் சங்கமே கற்றல் குறைபாடுள்ளோருக்கான இன்றைய மென்காப் தொண்டு அமைப்பாக வளர்ந்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு பெற்றோர் சங்கம் 1971-இல் தொடுத்த வழக்கு, அறிவுத்திறன் குறைபாடுள்ள பிள்ளைகளுக்குப் பள்ளிக் கதவைத் திறந்தது. நான்காண்டில் நாடு முழுமைக்குமான சட்டம் வந்தது.

குழுவில் இடம் பெற்ற பின், பொதுவான மனக்குறைகளைப் பேசுவதைவிட நிதிநிலையையும் கட்டடத்தையும் பார்ப்பதில் பயன் அதிகம். சாய்தளம், கழிப்பறை, சிறப்பாசிரியர் வரும் நாள்கள், பயிற்சிக் கருவிகளின் பராமரிப்பு, சுற்றுலாவிலும் விளையாட்டு விழாவிலும் எல்லாப் பிள்ளைகளும் சேர்க்கப்பட்டனரா என்பது ஆகியவற்றைக் கூட்டத்தின் பொருள் நிரலில் முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். நிரலில் இல்லாதது கூட்டக் குறிப்பிலும் இராது. உங்கள் பிள்ளையின் தனிச் சிக்கலை இந்தக் குழுவில் வைக்காமல், அதே சிக்கலுள்ள எல்லாப் பிள்ளைகளுக்குமான விதியாக மாற்றி வையுங்கள்.

பெற்றோர் குழு ஒன்றைத் தொடங்க விரும்புகிறோம். எப்படித் தொடங்குவது?

மூன்று குடும்பங்கள் போதும். மற்றக் குடும்பங்களின் பெயர்களைப் பள்ளி தரக்கூடாது. ஆனால் உங்கள் அழைப்பைப் பள்ளி அவர்களுக்கு அனுப்பி வைக்கலாம். முதல் சந்திப்பிலேயே ஒரு பயனுள்ள பொருளை வையுங்கள்: தேர்வுச் சலுகைக்கு விண்ணப்பிக்கும் முறை, பேருந்துச் சலுகை, ஓர் அறிக்கையைப் படிக்கும் விதம் என ஏதாவது ஒன்று. துயரத்தைப் பகிர்வதற்கும் இடம் வேண்டும். ஆனால் அது மட்டுமே நடந்தால் இரண்டாம் மாதத்தில் கூட்டம் கலைந்துவிடும். தந்தையரை அழையுங்கள். பெரும்பாலான குழுக்கள் தாய்மாரின் குழுக்களாகவே நின்றுவிடுகின்றன. பிள்ளைகளின் படங்களையும் நோய் விவரங்களையும் குழுவின் கைப்பேசிப் பகிர்வில் போடுவதில்லை என்ற விதியை முதல் நாளே வகுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் கூலி வேலை செய்பவர்கள். எழுதப் படிக்கவும் அதிகம் தெரியாது. எங்களால் என்ன செய்ய முடியும்?

கூட்டத்தின் நேரத்தை உங்கள் வேலைக்கு ஏற்ப மாற்றக் கேட்கலாம். தொலைபேசி வழியாகவும் பங்கேற்கலாம். எழுத இயலாதவர் சொல்வதைப் பள்ளியே எழுதிப் படித்துக் காட்டிப் பதிவு செய்ய வேண்டும் என்று கேட்பது முறையான கோரிக்கை. பிள்ளையின் எல்லாத் தாள்களையும், எது முக்கியம் என்று பார்க்காமல், தேதி வரிசையில் ஒரே கோப்பில் சேர்த்து வையுங்கள். படிக்கத் தெரிந்த எவரும் பின்னர் அதிலிருந்து தேவையானதை எடுத்துக்கொள்ளலாம்.

உடன்பிறந்தவர்களுக்கு என்ன சொல்வது?

உண்மையை, வயதுக்குத் தக்கபடி. மேலும், வாரத்தில் சிறிது நேரத்தையாவது அவர்களுக்கென்றே ஒதுக்குங்கள். எதிர்காலப் பாதுகாவலர் என்ற பொறுப்பை எட்டு வயதில் ஏற்றிவைக்காதீர்கள்.

பிள்ளையே தன் கூட்டத்தில் எப்போது கலந்துகொள்ளலாம்? பள்ளிக்குப் பின் என்ன என்பதை எப்போது யோசிப்பது?

தொடக்கப் பள்ளியிலேயே சில நிமிடம் வந்து, தனக்குப் பிடித்தது, கடினமானது இரண்டையும் சொல்லலாம். பேச இயலாதவர்கள் படங்களைக் காட்டியோ முன்பே பதிவு செய்த காணொளி மூலமாகவோ சொல்லலாம். அமெரிக்கச் சட்டம், 16 வயதாகும்போது நடைமுறையில் இருக்கும் திட்டத்தில் பள்ளிக்குப் பிந்தைய வாழ்க்கைக்கான இலக்குகள் இருக்க வேண்டும் என்கிறது. 14 வயதிலேயே அந்தப் பேச்சைத் தொடங்குவது நல்லது. தனியாகப் பேருந்தில் செல்லுதல், பணத்தைக் கையாளுதல், மருத்துவரிடம் தன் குறையைத் தானே சொல்லுதல், உதவி வேண்டும்போது கேட்டல் ஆகியவை பாடநூலில் இல்லாவிட்டாலும் திட்டத்தில் இடம்பெறலாம்.

18 வயதில் சட்டப்படி முடிவெடுக்கும் உரிமை பல நாடுகளில் பிள்ளையிடம் சென்றுவிடும். முழுப் பாதுகாவலர் நியமனத்துக்கு விரைவதற்கு முன், எந்தெந்த முடிவுகளை அவர் தாமே எடுக்க முடியும், எவற்றில் விளக்கிச் சொல்ல ஒருவர் இருந்தால் போதும் என்று துறைவாரியாகப் பிரித்துப் பாருங்கள். வங்கிக் கணக்குக்குத் துணை தேவைப்படும் ஒருவர், எங்கே வாழ்வது, யாரோடு பழகுவது என்பதைத் தாமே முடிவு செய்யக்கூடும். 17 வயதில் நடக்கும் திட்டக் கூட்டத்தில் இந்தப் பட்டியலைப் பிள்ளையுடன் சேர்ந்து நிரப்பி, ஒரு படியைக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.